பினாங்கில் தோன்றிய பள்ளிப் பல் மருத்துவம்

பைராம் தோட்டத்தைச் சுற்றி இன்று நாம் காண்பது செம்பனை. அதற்கு முன் ரப்பர். அதற்கும் முன் நிபோங் திபால் வட்டாரத்தின் பெரும்பகுதி கரும்புக்காடு. இவ்வட்டாரத்திற்கு முதன்முதல் வந்த தமிழர் பால்மரம் வெட்ட வந்தவர் அல்லர். கரும்பு வெட்ட வந்தவர். பள்ளியில் இதனைச் சொல்லும்போது பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. கரும்பு என்றால் பொங்கலுக்குச் சந்தையில் வாங்குவது என்பதே அவர்கள் அறிந்தது.

பத்து காவானில் சீனர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கரும்பு பயிரிட்டனர். 1840-களில் ஐரோப்பிய முதலாளிகள் அத்தொழிலில் இறங்கினர். அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் ஒப்பந்தச் சீட்டில் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, கால்வாயைக் கடந்து, வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நடந்தனர். பினாங்குச் சர்க்கரைத் தோட்டங்களின் உரிமையாளராக இருந்த எட்வர்ட் ஹார்ஸ்மன் இங்கிலாந்துப் பாராளுமன்ற உறுப்பினர். 1876-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின் அவருடைய மைத்துனர் சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டனின் கைக்கு அத்தோட்டங்கள் வந்தன. ராம்ஸ்டன் குடும்பத்தாருக்கு யார்க்‌ஷயரில் இருந்த மாளிகையின் பெயர் பைராம். நம் தோட்டத்தின் பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடுவோர் அதற்கு அப்பால் போகவேண்டியதில்லை என்பது என் கருத்து. 1910-ஆம் ஆண்டில் இந்தியர் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றது. ரப்பரின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளுக்குள் கரும்பு மறைந்தது, ஆலைகள் அடங்கின.

பல்லைப் பற்றி எழுத வந்தவன் கரும்பைப் பற்றிப் பேசுவானேன் என்று ஆசிரிய அன்பர்கள் கேட்கலாம். நம் பாட்டன்மார் பிழிந்த சர்க்கரை கடல் கடந்து போயிற்று. கரும்பு அழிந்த பின் அதே சர்க்கரை வேறு வடிவத்தில் தோட்டத்துக் கடைக்குத் திரும்பி வந்தது. டின் பால் என்று நாம் சொல்லும் இனிப்பூட்டிய கெட்டிப்பாலே அவற்றுள் தலையாயது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். பசித்த குழந்தைக்குக் கிடைத்தது வெந்நீரில் கரைத்த டின் பால். 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ஆற்றிய உரை இன்றும் நினைக்கத்தக்கது. தாய்ப்பாலுக்கு ஈடு என்று கூறிக் கெட்டிப்பாலை விற்பதைக் கொலை என்றே அவர் சொன்னார். ‘பாலும் கொலையும்’ என்பது அவ்வுரையின் தலைப்பு. அவர் பேசியது பச்சிளங் குழந்தைகளின் உயிரைப் பற்றி, பல்லைப் பற்றியன்று. ஆயினும் உயிர் பிழைத்த குழந்தையின் வாயில் அந்த இனிப்பு என்ன செய்தது என்பதைப் பின்னாளில் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் கண்டோம்.

பல்லைப் பேணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, காலையில் செய்யவேண்டியவற்றுள் பல் துலக்குவதையும் சேர்த்துச் சொல்கிறது. குச்சியால் பல் துலக்குவதைக் கோலைத் தின்பதாகவே பெருவாயின் முள்ளியார் குறிப்பது சுவையானது. ஆலையும் வேலையும் பல்லுக்கும், நாலடியாரையும் குறளையும் சொல்லுக்கும் உறுதியாகக் கூறும் பழமொழியை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் வரும் வேல் வேப்பமரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. நானும் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிதில் அவ்வாறு சொன்னவன்தான். அது வேல மரம், கருவேல். துவர்ப்புச் சுவையுடைய அதன் பட்டையும் குச்சியும் ஈறுக்கு நல்லவை என்று முன்னோர் கண்டனர். இங்கோ ஆலங்குச்சிக்கும் வேலங்குச்சிக்கும் எங்கே போவது? லயத்தில் கிடைத்தது அடுப்புக்கரி. கரி இல்லாதபோது செங்கல் தூள். இரண்டும் பல்லைத் தேய்த்தன. பற்சிப்பியையும் சேர்த்தே தேய்த்தன.

சொத்தைப் பல்லுக்கு நம்மவர் சொன்ன காரணம் பூச்சி. இது தமிழர்க்கு மட்டும் உரிய எண்ணம் அன்று. பாபிலோனியரும் சீனரும் ஐரோப்பியரும் பல்லைப் புழு அரிப்பதாகவே நெடுங்காலம் நம்பினர். கண்டங்கத்தரி விதையைச் சுட்டு அதன் புகையை வாயில் பிடித்துப் பூச்சியை வெளியேற்றும் மருத்துவத்தை என் பாட்டி எங்கள் லயத்தில் செய்ததைப் பார்த்திருக்கிறேன். வலி சற்றுத் தணிந்தது உண்மை. பூச்சி விழுந்ததை நான் கண்டதில்லை. பிரான்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், தாம் எத்தனை பற்களை ஆராய்ந்தும் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். பின்னர் 1890-இல், பெர்லினில் பணியாற்றிய வில்லபி மில்லர் என்னும் அமெரிக்கர் உண்மையை விளக்கினார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் உண்டு அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலம் பற்சிப்பியின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. ஆகவே நம் பாட்டி சொன்னதில் ஒரு கூறு பொருந்தியே இருந்தது. உயிர் ஒன்று இருந்தது. அது கண்ணுக்குத் தெரியும் பூச்சியன்று.

எவ்வளவு சர்க்கரை, எப்போது என்னும் வினாவுக்கு விடை சுவீடன் நாட்டில் கிடைத்தது. லுண்ட் நகரை அடுத்த விப்பெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியில், அங்கிருந்தோர் சிலருக்குச் சர்க்கரையை உணவோடு கொடுத்தனர். சிலருக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாயை உணவுக்கு இடையிடையே கொடுத்தனர். பின்னவர்களின் பற்கள் விரைந்து அழிந்தன. சர்க்கரையின் அளவைக் காட்டிலும், ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் தங்குகிறது என்பதே பெரிது என்று இவ்வாறு தெளிவாயிற்று. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்களின் வாயில் நடத்திய சோதனை இது. அதன் பயனை நாம் அனுபவிக்கிறோம். அவர்களை யாரும் கேட்கவில்லை. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இனிப் பள்ளிகளுக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பது அரசின் கடமை என்னும் எண்ணம் நூற்றைம்பது ஆண்டுக்குள் வளர்ந்ததே. ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ நகரைச் சேர்ந்த வில்லியம் ஃபிஷர் 1885-இல் இதனைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பல் மருத்துவர்களிடையே வாதாடினார். 1902-இல் அப்போது ஜெர்மானியரின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஏர்ன்ஸ்ட் யெஸ்ஸன் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் மருத்துவ நிலையம் தொடங்கினார். ஆனால் எல்லா நாட்டிலும் தடை ஒன்றே. பல் மருத்துவர் சிலர், பிள்ளைகள் பலர்.

இத்தடையைத் தாண்டியது நியூசிலாந்து. முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது, இளைஞர்களின் பற்கள் எவ்வளவு கெட்டிருந்தன என்பதை அந்நாட்டு அரசு கண்டது. தாமஸ் ஹன்டர் என்னும் பல் மருத்துவர் புதிய வழி ஒன்றைச் சொன்னார். முழு மருத்துவக் கல்வி பெற்றவரே பிள்ளைகளின் பல்லைத் தொடவேண்டும் என்பதில்லை. இளம்பெண்களை இரண்டாண்டு பயிற்றினால், பிள்ளைகளின் பல்லைத் துப்புரவு செய்யவும், சொத்தையை அடைக்கவும், ஆடும் பாற்பல்லைப் பிடுங்கவும், துலக்கும் முறையைக் கற்பிக்கவும் அவர்களால் இயலும் என்றார். 1921-இல் வெலிங்டனில் வகுப்பு தொடங்கியது. 1923-இல் முதல் அணியினர் பயிற்சி முடித்தனர். அவர்களுக்குக் கொடுத்த துளைப்புக் கருவி, தையல் இயந்திரம் போலக் காலால் மிதித்து இயக்குவது. எத்தனை மெதுவாகச் சுற்றியிருக்கும்! நியூசிலாந்துப் பிள்ளைகள் அந்நிலையத்திற்கு வைத்த பெயர் ‘கொலைவீடு’. நம் பிள்ளைகளின் அச்சத்தைக் குறைகூறுவோர் இதனை நினைக்கவேண்டும்.

மலாயாவில் 1929-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. கல்கத்தாவில் டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-இலேயே பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியிருந்தார். சென்னையில் அது 1953-இல்தான் வந்தது. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் தேறியவர் சிலரே. ஜப்பானியர் ஆட்சியில் அதுவும் குலைந்தது. போர் முடிந்தபோது, பட்டணத்தில் கட்டணம் செலுத்தக்கூடியவர்க்குப் பல் மருத்துவர் இருந்தார். கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் இல்லை. இந்நிலையில் 1949-ஆம் ஆண்டு பினாங்கில் பள்ளிப் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி நியூசிலாந்து முறையைத் தழுவித் தொடங்கப்பட்டது. நாடு அப்போது அவசரகாலத்தில் இருந்தது. முந்திய ஆண்டில்தான் நமக்கு அருகிலுள்ள கலிடோனியா மாளிகையில் ராம்ஸ்டன் குடும்பத்து ஜான் செயிண்ட் மார் ராம்ஸ்டன் சுட்டுக்கொல்லப்பட்டார். தோட்டத்துக் கம்பிவேலியும் காவலும் ஒரு புறம். ஜார்ஜ் டவுனில் இளம்பெண்கள் பிள்ளைகளின் பல்லை அடைக்கக் கற்றுக்கொண்டிருந்தது மறு புறம். வரலாற்று நூல்கள் முன்னதை விரிவாக எழுதுகின்றன. பின்னதற்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

சிங்கப்பூர், புருணை, ஹாங்காங் ஆகிய இடங்களிலிருந்தும் பெண்கள் பினாங்குக்கு வந்து பயின்றனர். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து இலங்கைக்கும் உதவி செய்ய, மகரகமவில் இத்தகைய பள்ளி 1950-களில் அமைந்தது. பினாங்குப் பள்ளியில் மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஒரே அறையில் பயின்று நாடெங்கும் சென்றனர். பிற்காலத்தில் தாதி என்னும் பெயர் போய்ப் பல் சிகிச்சையாளர் என்னும் பெயர் வந்தது. 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் அவர்களுக்குத் தனிப் பதிவேட்டையும் வழங்கியது. எழுபது ஆண்டு பிறர் பெயரின் கீழ்ப் பணியாற்றியவர்களுக்கு இது காலந்தாழ்ந்து வந்த மதிப்பு.

தோட்டத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘பல்லு மிஸி’. எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஒரு தோட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டில் ஒரு நாள் அரசாங்க வேன் செம்மண் சாலையில் வரும். மடக்கு நாற்காலியை இறக்கி, எங்கள் வகுப்பறையின் ஒரு மூலையில் விரிப்பார்கள். கிராம்பு எண்ணெயின் நெடி பள்ளி முழுதும் பரவும். பெயர் கூப்பிட்டால் போகவேண்டும். மேசைக்கடியில் ஒளிந்தவர் உண்டு. பள்ளிக்குப் பின்னால் வெட்டுக்காட்டுக்குள் ஓடியவரும் உண்டு. என் முறை வந்தபோது மிஸி என் கையில் ஒரு பஞ்சுருளையைக் கொடுத்து, “தம்பி, வலிச்சா இதை அமுக்கு; நான் நிறுத்திடுறேன்” என்றார். நான் அமுக்கினேன், அவர் நிறுத்தினார். அவ்வளவுதான். அன்று அடைத்த பல் ஐம்பது வயதைத் தாண்டியும் என் வாயில் இருக்கிறது.

பயிற்சிக் கல்லூரியை முடித்து ஆசிரியனாக வந்த பின், அந்தப் பஞ்சுருளையை நான் மறந்துவிட்டேன் என்பதையும் எழுதவேண்டும். வகுப்பில் கூச்சல் மிகும்போது, “பேசினால் மிஸியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்று மிரட்டியிருக்கிறேன். அந்நாளைய ஆசிரியர் பலரும் செய்ததுதான். என் வகுப்பில் ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன். கடைவாயில் சொத்தை. மிஸி வருமுன் தந்தையிடம் கையெழுத்து வாங்கிவரும் படிவத்தை அவன் மூன்று ஆண்டும் கொண்டுவரவில்லை. படிவம் தொலைந்தது என்பான். அதனைப் புத்தகப் பையின் அடியில் மடித்து வைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஆறாம் ஆண்டுத் தேர்வு நாளன்று முகம் வீங்கி, காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தான். பல்லைப் பிடுங்கினர். அது பாற்பல்லன்று, ஆயுள் முழுதும் இருக்கவேண்டிய பல். அவன் ஏன் படிவத்தை மறைத்தான் என்று நான் யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அந்தப் பல்லைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் தோட்டத்துப் பெற்றோர் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது கீழ்வாயிலும் மேல்வாயிலும் இரு புறமும், பாற்பல் வரிசைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை எந்தப் பல்லும் விழுந்து அதன் இடத்தில் வருபவையல்ல. ஓசையின்றிப் பின்னால் வருபவை. ஆகவே தாய்மார் இவற்றையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். புதிதாக முளைத்த பல்லின் சிப்பி முற்றியிராது. மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்கள் உண்டு. முன்னால் உள்ள பாற்பற்களோ ஏற்கெனவே சொத்தை. பக்கத்து வீடு பற்றி எரியும்போது புது வீட்டின் கூரை தப்புமா? எட்டு, ஒன்பது வயதுக்குள் ஓட்டை விழுந்துவிடுகிறது. “விழுந்து முளைக்கிற பல்லுதானே சார்” என்று தாய் சொல்லும் பல், விழுந்தால் முளைக்காத பல்.

பாற்பல்லும் வீணானதன்று. பின்வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பது அது. உரிய காலத்திற்கு முன் பிடுங்கிவிட்டால் அடுத்த பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. நிலைப்பல் கோணி முளைக்கிறது. சொத்தைப் பல்லோடு இருக்கும் பிள்ளை இரவில் உறங்குவதில்லை, காலையில் உண்பதில்லை, வகுப்பில் கவனிப்பதில்லை. மந்தமான பிள்ளை என்று நாம் குறித்துவைக்கும் சிலருக்கு வாயைத் திறந்து பார்த்தாலே காரணம் விளங்கும்.

அரசின் கணக்கும் இதனையே காட்டுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுள் நிலைப்பல்லில் சொத்தை கண்டவர் 1997-இல் நூற்றுக்கு 60.9, 2007-இல் 41.5, 2017-இல் 33.3. பினாங்கில் தொடங்கிய பணியின் பயன் இது என்று ஐயமின்றிச் சொல்லலாம். புளூரைடு நீரும் பற்பசையும் அதில் பங்குகொண்டன. ஐந்து வயதுப் பிள்ளைகளின் பாற்பல் கணக்கோ வேறு. 2005-இல் நூற்றுக்கு 76.2, 2015-இல் 71.3. பத்தாண்டில் ஐந்து விழுக்காடு கூடக் குறையவில்லை. 1984-இல் பாலர் பள்ளிகளுக்கும் திட்டம் வந்தது. 1985 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் முறையாகக் கவனித்து, பள்ளியை விட்டுப் போகுமுன் சீர்ப்படுத்தி அனுப்பும் முறை ஏற்பட்டது. ஆயினும் பல் சிகிச்சையாளர் பள்ளிக்கு வருகிறார். சொத்தையோ பள்ளிக்கு வருமுன்னே வீட்டில் தொடங்கிவிடுகிறது. பால்புட்டியை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தையை எந்த வேனும் எட்டாது.

புளூரைடு நீரின் வரலாற்றிலும் நமக்குத் தொடர்புண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901-இல் சென்ற ஃபிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூர் மக்களின் பற்கள் பழுப்பேறி இருப்பதையும், ஆயினும் சொத்தை குறைவாக இருப்பதையும் கண்டார். முப்பதாண்டு தேடலுக்குப் பின், 1931-இல், குடிநீரிலுள்ள புளூரைடே காரணம் என்று தெரிந்தது. பல்லில் கறை படியாத அளவு சிறிது சேர்த்தால் சொத்தை மட்டும் குறையும் என்று கருதி, 1945-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அதனைக் குடிநீரில் கலந்தனர். பதினொரு ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளிடையே சொத்தை நூற்றுக்கு அறுபதுக்கு மேல் குறைந்திருந்தது. சிங்கப்பூர் 1950-களில் இம்முறையை மேற்கொண்டது. மலேசிய அமைச்சரவை 1972-இல் நாடு முழுமைக்கும் ஒப்புதல் அளித்தது. முதலில் பத்து இலட்சத்தில் 0.7 பங்கு, 2005-இல் அது 0.5 பங்காகக் குறைக்கப்பட்டது.

இங்கே ஒரு விந்தை. நம்மவருள் பலரின் பூர்விகம் சேலம், தருமபுரிப் பக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் இயல்பாகவே புளூரைடு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் வகுத்த 1.5 மில்லிகிராம் எல்லையைக் கடந்த கிணறுகள் அங்கே பல. பல் காவியேறுவதோடு எலும்பும் வளையும் நோய் அது. பழைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பகுதியில், இந்நோயை 1937-ஆம் ஆண்டில் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் விளக்கி எழுதினர். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுசென்றது அந்தப் புளூரைடைத் தவிர்ப்பதற்காகவே. அங்கே நீரிலிருந்து விலக்கப் பாடுபட்ட பொருளையே இங்கே அளந்து சேர்க்கிறோம். முரண்பாடு போல் தோன்றுவது அளவின் வேறுபாடே. ஆனால் பொதுக் குழாய் நீர் எட்டாமல், தோட்டத்துக் கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருந்த லயங்களுக்கு இந்த நன்மையும் எட்டவில்லை. பட்டணத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே பற்பசையை வாங்கிய காலத்திலும், குடித்த நீர் வேறாக இருந்தது.

ஆசிரியர்கள் பள்ளியில் செய்யத்தக்கது என்ன என்று கேட்போருக்கு, நான் பார்த்ததைச் சொல்கிறேன். பல் துலக்கும் பயிற்சி தொடக்கப்பள்ளிகளில் நடக்கிறது. பெரும்பாலும் அது ஒரு சடங்காக முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று குவளையில் நீர் மொண்டு கொப்பளித்துப் போகின்றனர். கொப்பளிப்பதுதான் பிழை. புளூரைடு உள்ள பற்பசையால் துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். நீரால் நன்றாகக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய மருந்தும் போய்விடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு பசை. அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் பிரஷைப் பிடித்துத் துலக்கிவிடவேண்டும். தன் சட்டைப் பித்தானைச் சரியாகப் போடத் தெரியாத கையால் கடைவாயின் பின்புறத்தைத் துலக்க முடியாது. இரவு துலக்கிய பின் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. உறக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது குறைவு; அமிலத்தைக் கழுவ வாயில் ஒன்றும் இராது.

இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் நம் கையை விட்டுப் போய்விடுகின்றனர். பன்னிரண்டு வயதில் அடுத்த கடைவாய்ப் பல் முளைக்கிறது; அதே வயதில் கையில் காசும் புழங்கத் தொடங்குகிறது. புட்டியிலுள்ள இனிப்புப் பானத்தை ஒரே மூச்சில் குடிப்பவனைக் காட்டிலும், மாலை முழுதும் சிறுகச் சிறுகக் குடிப்பவனுக்கே கேடு மிகுதி. விப்பெஹோல்ம் காட்டியது இதுவே. ஈற்றில் குருதி கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடுவது இளைஞரின் வழக்கம். படிந்த அழுக்கால் வீங்கிய ஈறுதான் கசிகிறது. மென்மையான பிரஷால் தொடர்ந்து துலக்கினால் அது தானே அடங்கும். வெற்றிலையையும் இங்கே விட்டுவிட இயலாது. மலேசியாவில் வாய்ப்புற்று நோய் இந்தியரிடையே விகிதத்தில் மிகுதி. பாக்கும் புகையிலையும் அதற்கு முதற்காரணங்கள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்கை எடுத்துச் சுவைத்துப் பழகிய பிள்ளைகளை நான் அறிவேன். அது அன்பினால் கொடுக்கப்படுவது, ஆகவே தடுப்பதும் கடினம்.

இப்போதெல்லாம் முதலாம் ஆண்டில் சேர்க்க வரும் பெற்றோரிடம், பிறப்புச் சான்றிதழைப் பார்த்து முடித்தபின் ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்கிறேன். முன்னாலிருந்து பின்னால் எண்ணுங்கள் என்று தாயிடம் சொல்கிறேன். நடுவிலிருந்து ஒரு பக்கம் ஐந்து பற்கள், அவை பாற்பற்கள். ஆறாவதாக ஒன்று இருந்தால், அது புதியது. சென்ற ஆண்டு இறுதியில் ஒரு தாய் எண்ணிக்கொண்டே வந்து ஆறில் நிறுத்தினாள். விரலை எடுக்கவில்லை. பிறகு பிள்ளையின் வாயை மறுபடி திறந்து, மறு பக்கத்தையும் முதலிலிருந்து எண்ணினாள். படிவத்தை நான் நீட்டுமுன் அவளே கேட்டாள்: “மிஸி எப்ப வராங்க சார்?”